ஓர்பாவின் தனிப் பானை

ஓர்பாவின் மூக்கைப் பற்றிப் பேசாத ஆள் எங்கள் மலையூர் ஓபேனுவில் கிடையாது. ஆள் குள்ளம். மூக்கும் சின்னது, சப்பை. அதை வைத்துக்கொண்டு அவள் செய்த அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல. புருஷன் மெசாக் உயிரோடு இருந்த காலத்தில், பனஞ்சாராயம் குடித்த வாய்க்கு ஆரஞ்சுத் தோலை மென்றுகொண்டே வீடு திரும்புவான். எங்கள் வட்ட வீடுகளுக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். அவன் குனிந்து நிமிர்வதற்குள், "யார் வீட்டுல குடிச்சே?" என்பாள். குடித்தாயா என்று கேட்கமாட்டாள். யார் வீட்டில் என்பதையும் கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே சொல்லிவிடுவாள். ஒவ்வொருவர் காய்ச்சுவதற்கும் ஒரு வாசம் உண்டாம்.

எங்கள் பக்கத்தில் ஒருவரை ஒருவர் கண்டால் மூக்கோடு மூக்கு வைத்துத்தான் நலம் கேட்போம். ஓர்பாவோடு மூக்கு வைக்க ஊர் ஆண்கள் எல்லோருக்கும் உள்ளூர உதறல். மெசாக் செத்தபோது, "பாவம், இனிமேத்தான் நிம்மதியாக் குடிப்பான்" என்று அவர்கள் கேலி பேசினார்கள். ஓர்பாவும் சேர்ந்து சிரித்தாள். பிறகு உள்ளே போய் அழுதாள். நான் பக்கத்து வீடு. சிரிப்பையும் கேட்டேன், அழுகையையும் கேட்டேன்.

அந்த மூக்குக்கு உண்மையான வேலை அறுவடையில்தான். நாங்கள் மக்காச்சோளக் கதிரைத் தோலோடு கட்டிப் பரணில் தொங்கவிடுவோம். தோலை உரித்துவிட்டால் வண்டு ஏறிவிடும். கீழே அடுப்பு, மேலே பரண், வருஷம் முழுக்கப் புகை. ஆனால் தோலுக்குள் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. நுனி வழியாக மழைத்தண்ணீர் இறங்கி உள்ளே பூசணம் பிடித்த கதிரும் வெளியே பார்க்க நல்ல கதிர் மாதிரியேதான் இருக்கும். ஓர்பா ஒவ்வொரு கதிரின் நுனியையும் மூக்கில் வைத்து ஒரே ஒரு இழுப்பு இழுப்பாள். நல்லது வலப்பக்கம் போகும், அழுகல் இடப்பக்கம் போகும். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் கதிர்களையும் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் ஓடுவார்கள்.

பரணில் வீட்டுக்காரி ஒருத்திதான் ஏறலாம். பெற்ற மகனானாலும் ஏணியில் கால் வைக்கக்கூடாது. மேலே எவ்வளவு இருக்கிறது என்று யாரும் கேட்கக்கூடாது, அவளும் சொல்லக்கூடாது. சொன்னால் சோளம் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விடும். அழுகல் கதிரானாலும் குப்பையில் வீசினால் அப்படித்தான். ஓர்பாவின் மாமியார் படுத்த படுக்கையாகும்வரை ஏணியை விடவில்லை. அதுவரை ஓர்பா கீழே நின்று கையேந்தி வாங்கித்தான் சமைத்தாள். அப்படிக் காத்திருந்து கிடைத்த பரண். நிலம் புருஷன் வீட்டு வம்சத்துடையது, வீடும் அவர்களுடையது. இந்த உலகத்தில் ஓர்பாவுக்கென்று இருந்தது அந்தப் பரண் ஒன்றுதான். மகன் நிம்ரோத்துக்குக் கல்யாணமாகி யூப்லினா வந்த பிறகும் அவள் ஏணியை விட்டுக்கொடுக்கவில்லை. அதில் ஒன்றும் தப்பில்லை. நானாயிருந்தாலும் விட்டிருக்கமாட்டேன்.

உலகத்தையே வீட்டுக்குள் பூட்டிய அந்தக் காய்ச்சல் எங்கள் மலைக்கும் ஏறி வந்தது. மூக்கோடு மூக்கு வைக்காதீர்கள் என்று தேவாலயத்தில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்கள். நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் பிணம்கூட ஊர் திரும்பாது என்று யாரோ கிளப்பிவிட, காய்ச்சல் வந்தவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். ஓர்பாவும் படுத்தாள். வெறும் சளி என்று சொல்லி இஞ்சித் தண்ணீர் குடித்து எழுந்துவிட்டாள். எல்லாம் திரும்பி வந்தது, வாசனை மட்டும் வரவில்லை. காப்பி அவளுக்கு வெந்நீராகிவிட்டது. அடுப்புப் புகை கண்ணில் எரிந்தது, மூக்கில் ஒன்றுமில்லை. இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால், மூக்கில்லாத வீட்டுக்காரியிடம் பரண் எதற்கு என்று மறுநாளே மெசாக்கின் அக்கா தெர்சியானா வந்து நிற்பாள். தெர்சியானாவின் வாய் எங்கள் பள்ளத்தாக்கு முழுவதற்கும் தெரிந்த வாய்.

ஈஸ்டர் அன்று அந்தப் பெருங்காற்று வந்தது. சோளம் அறுவடைக்கு நின்ற நேரம். கூரைகள் பறந்தன. சரிவோடு எங்கள் மரவள்ளித் தோட்டங்களும் மண்ணாகச் சரிந்து ஆற்றுக்குப் போயின. சோளத் தட்டைகள் எல்லாம் சேற்றில் படுத்துவிட்டன. கிடைத்த கதிர்களை ஈரத்தோடு பொறுக்கி வந்தோம். ஒவ்வொரு வருஷமும் வெயிலில் நன்றாகக் காயவைத்துத்தான் கட்டுவோம். அந்த வருஷம் வெயிலே இல்லை.

ஓர்பா வீட்டுக் கதிர்களைக் கட்டும் நாளில் உதவிக்கு நானும் போயிருந்தேன். அவள் வழக்கம்போல நடுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மூக்கில் வைத்து எடுத்தாள். கொஞ்சம் இடப்பக்கமும் போட்டாள், ஆனால் அது சும்மா கைபோன போக்கில் போட்டது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? யூப்லினா ஒரு கதிரைக் கட்டப்போனவள் நிறுத்தினாள்.

"அத்தே, இது ஒரு மாதிரி புளிச்ச வாடை அடிக்குது."

ஓர்பா அதை வாங்கி, கண்ணை மூடி, நீளமாக இழுத்தாள். அவ்வளவு நேரம் அவள் ஒரு கதிரை முகர்ந்து நான் பார்த்ததில்லை.

"நல்லாத்தான் இருக்கு. கட்டு."

"இல்லத்தே, இதுவும்கூட..."

"இந்த வீட்டுல மூக்கு எனக்கு, கை உனக்கு. கட்டுடி."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். யூப்லினா முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள். வாடை எல்லோருக்கும்தான் வந்தது. அன்றைக்கு ஊரே சேறும் செத்த கோழியுமாக நாறிக்கொண்டிருந்தது, எது எதன் வாடை என்று யார் பிரித்துப் பார்ப்பது? ஓர்பா சொன்னால் சரி. கதிர்கள் எல்லாம் பரணுக்குப் போயின.

பழைய சோளம் தீரும்வரை மேலே நடந்தது யாருக்கும் தெரியவில்லை. இடையில் ஒரு நாள் மதியம் அடுப்பில் அவரை கருகி, வாடை என் வீடுவரை வந்தது. வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்த யூப்லினா உள்ளே ஓடினாள். ஓர்பா அடுப்புக்கு எதிரிலேயே உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாளாம். கண்ணயர்ந்துவிட்டேன் என்று சொன்னாளாம். பாக்கு வெட்டுகிறவளுக்குக் கண் எப்படி அயரும்? யூப்லினா பானையைத் தேய்த்துக் கழுவி வைத்தாள்.

மழை ஓய்ந்து வறண்ட காற்றுக்காலம் தொடங்கியபோது ஓர்பா புதுக் கட்டைப் பிரித்தாள். இனி நான் சொல்வது நாங்கள் பின்னால் கூட்டிச் சேர்த்துத் தெரிந்துகொண்டது. முதல் கதிரின் தோலை விலக்கியபோது மணிகளுக்கு இடையில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பஞ்சு படர்ந்திருந்தது. அடுத்ததில் பச்சைத் தூள். அதற்கடுத்தது நன்றாக இருந்தது. அவள் அந்தக் கட்டு முழுவதையும் உரித்துப் பார்த்திருக்கிறாள், பிறகு அடுத்த கட்டு, பிறகு பரண் முழுவதும். ஏறக்குறைய பாதி போய்விட்டிருந்தது.

மிக மோசமானதைப் பன்றிக்குப் போட்டாள். அதை நான் பார்த்தேன். துணிக்குள் மறைத்துக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினாள். சினையாக இருந்த அந்தப் பன்றி சில நாளிலேயே நாள் ஆகாத குட்டிகளைப் போட்டது. ரோமம்கூட முளைக்காத குட்டிகள், எல்லாம் செத்தவை. பெருங்காற்று விட்டுப்போன நோய் என்றான் நிம்ரோத். ஓர்பா கொட்டிலடியில் அசையாமல் நின்றாள். வாயில் வெற்றிலை இருந்தது, மெல்லவில்லை.

அந்த வாரத்தில்தான் யூப்லினா காலையில் வாந்தி எடுத்தாள். வீட்டுக்கு முதல் குழந்தை வரப்போகிறது என்று நாங்கள் கும்மாளம் போட்டோம். தெர்சியானா கோழியோடு வந்தாள். ஓர்பா மட்டும் மருமகளின் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமியாருக்குச் சந்தோஷமில்லை போல என்று தெர்சியானா போகும்போதே என் காதில் ஓதிவிட்டுப் போனாள்.

மேலே இருக்கிற நல்ல சோளம் மூன்று பேர் சாப்பிட்டால் கிறிஸ்துமஸோடு சரி. அதற்குப் பிறகு புதுக் கதிர் வரும்வரை வெறும் வயிறு. விதைக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். இரண்டு பேர் சாப்பிட்டால் போதும் போதாததுமாக ஓட்டிவிடலாம். ஓர்பா தன்னைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாள். அழுகலை வீசக்கூடாது, கீழே இறக்கினால் எல்லோரும் பார்ப்பார்கள், பன்றிக்கும் ஆகாது. மிச்சமிருந்தது அவள் வயிறு.

கேட்டிருக்கலாம். எங்கள் எல்லோருடைய பரணிலும் கொஞ்சம் கொஞ்சம் அழுகல் இருந்தது, பஞ்சம் எல்லோருக்கும்தான். ஆனாலும் கேட்டிருந்தால் வீட்டுக்கு ஒரு கட்டு கொடுத்திருக்கமாட்டோமா? அவளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான் முதலில் வருகிறது, அழுகை பிறகுதான் வருகிறது.

அவள் தனக்கென்று ஒரு சின்னப் பானை வைத்துக்கொண்டாள். பல் ஆடுகிறது, தோல் போக மட்டும் இடித்த முழுச் சோளம் மெல்ல முடியவில்லை, எனக்குத் தனியாக மாவாக்கிக் காய்ச்சிக்கொள்கிறேன் என்றாள். பரணிலேயே மணிகளை உதிர்த்து, அங்கேயே இடித்து மாவாகத்தான் இறக்குவாள். நிறம் தெரியாமல் பூசணிக்கொழுந்தைக் கலந்துவிடுவாள். யூப்லினாவுக்கும் நிம்ரோத்துக்கும் பெரிய பானை. அதில் முத்து முத்தாக வெள்ளைச் சோளம், அவரை, கிடைத்தால் கீரை.

தனிப் பானை என்றால் ஊர் சும்மா இருக்குமா? ஒரே அடுப்பில் இரண்டு பானை என்பது எங்கள் ஊரில் சண்டைக்கு அடையாளம். மருமகள் கையால் சாப்பிடப் பிடிக்கவில்லை என்றார்கள் சிலர். நல்லதைத் தனியாகத் தின்கிறாள் என்றார்கள் மற்றவர்கள். தெர்சியானா ஆள் வைத்துச் சொல்லவில்லை, நேரில் வந்தே சொன்னாள். ஓர்பா முற்றத்தில் உட்கார்ந்து தன் கிண்ணத்திலிருந்து குடித்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளத்தாச்சிக்கு அளந்து போடறியாம். நீ மட்டும் மேல போயி நேரங்காலமில்லாம இடிக்கிற சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது. எங்க தம்பி சோளம் உனக்கு மட்டும்தான் இனிக்குதோ?"

ஓர்பா கிண்ணத்தை வழித்து முடித்தாள்.

"ஆமா அண்ணி, ரொம்ப இனிப்பு. உங்களுக்குத் தரமாட்டேன்."

தெர்சியானா வெற்றிலைப் பையை மூடிக்கொண்டு எழுந்து போனவள், பிறகு அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை. ஓர்பா சொன்னதை நான் அன்று வாய்க்கொழுப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். அதில் கொழுப்பு எங்கே இருந்தது!

மழை வந்தது. நிம்ரோத் விதைத்தான். அந்த விதையில் ஒரு மணிகூடச் சொத்தை இல்லை, போட்ட குழியெல்லாம் முளைத்தது என்று பெருமையடித்துக்கொண்டான். ஓர்பாவோ வயிறு உப்பி, கைகால் குச்சியாகிக்கொண்டே வந்தாள். சாப்பிட்டுச் சாப்பிட்டுத் தொப்பை போட்டுவிட்டது என்று அதற்கும் பேச்சு வந்தது. பிறகு கண் மஞ்சளானது. மகன் கட்டாயப்படுத்திச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனான். ஈரல் கெட்டிருக்கிறது, என்ன சாப்பிட்டீர்கள் என்று நர்ஸ் கேட்டாளாம். எல்லோரும் சாப்பிடுவதைத்தான் என்றாளாம் இவள். நகரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும், மாட்டேன் என்று வீட்டுக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வைத்தியம் தெரிந்தவர்கள் அவள் நோய்க்கு வேறு காரணம்கூடச் சொல்லலாம். எனக்குத் தெரிந்தது நான் கண்ட பன்றியும் அந்தப் பானையும்தான்.

வயலில் கதிர் பால்பிடித்துவிட்டது. முதல் கதிர்களைத் தேவாலயத்தில் படைக்காமல் புதுச்சோளத்தில் யாரும் வாய் வைக்கக்கூடாது. படைக்க இன்னும் ஒரு ஞாயிறு பாக்கி இருந்தது. அத்தனை பலவீனத்திலும் ஓர்பா தினமும் ஏணியைப் பிடித்துப் பிடித்து ஏறி இறங்கினாள். நான் ஏறட்டுமா என்று யூப்லினா கேட்டிருக்கிறாள். நான் செத்த பிறகு ஏறு என்று பதில் வந்திருக்கிறது. அந்த ஞாயிறுக்கு முந்தைய நாள் காலையில், அடுப்பு மூட்டியபடியே ஓர்பா சாய்ந்துவிட்டாள்.

வீட்டுக்காரி செத்தால், பிணம் வெளியே போவதற்கு முன் புது வீட்டுக்காரி பரணில் ஏறிச் சோளம் இறக்க வேண்டும். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அதில்தான் சாப்பாடு. ஊர் முழுக்க வந்திருந்தது. கதவருகில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்த தெர்சியானா சொன்னாள்:

"ஏறும்மா, ஏறு. உங்க அத்தை ஒளிச்சு வச்சதெல்லாம் இன்னைக்காவது நாலு பேர் வாயில விழட்டும்."

யூப்லினா நிறைமாசம். ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஏறினாள். மேலே போனவளிடமிருந்து வெகுநேரம் எதுவும் இறங்கவில்லை. நிம்ரோத் ஏணியடியில் தவித்தான், ஆனால் ஏற முடியாது. கடைசியில் கயிற்றில் கட்டுகள் இறங்கின. ஒவ்வொரு கதிரின் தோலும் விலக்கிப் பார்க்கப்பட்டு, திரும்ப மூடி, நுனியில் நாரால் முடிச்சுப் போட்டிருந்தது. பிரித்தால் உள்ளே சுத்தமான வெள்ளை மணிகள்.

"பாத்தீங்களா, எப்பேர்ப்பட்ட சோளம்!" என்றாள் தெர்சியானா. "நான் சொன்னேன்ல."

அதற்குள் யூப்லினா இறங்கி வந்துவிட்டாள். இடுப்புத்துணியைக் கூட்டிப் பிடித்து எதையோ சுமந்து வந்தாள். பரணில் இருப்பதைச் சொல்லக்கூடாது என்பதுதானே வழக்கம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஓர்பாவின் காலடியில் உட்கார்ந்து துணியை விரித்தாள். பச்சையும் சிவப்புமாகப் பூத்துப்போன கதிர்கள். பாதிக் கதிர்களில் மணிகள் வரிசை வரிசையாக, நகத்தால் கிள்ளி எடுத்த மாதிரி எடுக்கப்பட்டிருந்தன. புளித்த நாற்றம் வீட்டை நிறைத்தது. பக்கத்திலிருந்த பெண்கள் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"மோந்து பாருங்க பெரியத்தே."

தெர்சியானா ஒன்றை எடுத்து முகர்ந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதையா தின்னா?"

"அவங்களுக்கு வாசனை தெரியாது. அந்தக் காய்ச்சல்லயே போயிருச்சு. பானை கருகின அன்னைக்கே எனக்குத் தெரியும். அவங்களே சொல்லட்டும்னு நான் இருந்தேன். நான் கேக்கக்கூடாதுன்னு அவங்க இருந்தாங்க."

நிம்ரோத் பெரிய பானையைத் திரும்பிப் பார்த்தான். தாய் தொடாமல் விட்ட நல்ல சோளத்தைத் தினமும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டவன் அவன்.

நல்ல சோளம் வெந்து வந்தபோது ஒருவர் கையும் தட்டுக்குப் போகவில்லை. எல்லோரும் சாப்பிடுங்கள், மீந்தால் அத்தைக்குப் பிடிக்காது என்று யூப்லினாதான் சுற்றி வந்து கெஞ்சினாள். சாப்பிட்டோம். அந்த வருஷம் அவ்வளவு ருசியான சோளத்தை நான் வேறெங்கும் சாப்பிடவில்லை.

அழுகலைக் குப்பையில் போட முடியாது. பெட்டிக்குள் ஓர்பாவின் காலடியிலேயே வைத்தோம். போதகர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

காய்ச்சல் வந்த நாள் முதல் எங்கள் ஊரில் யாரும் யாரோடும் மூக்கு வைத்ததில்லை. பெட்டியை மூடப்போனபோது யூப்லினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு, அந்தச் சின்னச் சப்பை மூக்கின்மேல் தன் மூக்கை வைத்தாள். ஒரு நீண்ட இழுப்பு இழுத்தாள், கதிர் கட்டிய அன்று அவள் மாமியார் இழுத்ததைப் போல. அவளுக்குப் பின்னால் தெர்சியானா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் நின்றோம்.